எண்பத்தேழாம் வருஷத்து மழை

போன மாதம் எனக்கு 38 முடிந்தது. வீட்டுக்காரர் பழைய துண்டு ஒன்றில் சுற்றி எதையோ கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். பிரித்தால் ஒயின் பாட்டில். ஓரமெல்லாம் பூச்சி அரித்த லேபிள், நடுவில் ஈரம் பட்டு ஊறிய மஞ்சள் கறை, அதற்குக் கீழே தெளிவாக 1987. நான் பிறந்த வருஷம். ஊர்ப்பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்களாம், அங்கே முப்பது யூரோவுக்கு வாங்கியிருக்கிறார். விற்றவர் காசை வாங்கிக்கொண்டு, "யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார். மனைவிக்கு, அவள் பிறந்த வருஷம் என்றதும் அந்த மனிதர் முகம் சுருங்கிவிட்டதாம். "அடடா, மோசமான வருஷம்" என்றாராம். என்னவோ நான் பிறந்ததுதான் காரணம் என்பதுபோல.

போர்தோவில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். புதுச்சேரிக்காரி என்று சொன்னால் நம் ஆட்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள், பாட்டிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும் என்று. உண்மையில் இங்கே வரும்வரை நான் ஒயினை வாயில் வைத்ததில்லை. இப்போதும் பெரிய ஞானமெல்லாம் கிடையாது. ஆனால் இந்த ஊரில் ஒயினைப் பற்றித் தெரியாமல் இருப்பது தஞ்சாவூரில் இருந்துகொண்டு நெல்லைப் பற்றித் தெரியாமல் இருப்பதுபோல. பால் வாங்கப் போன இடத்தில்கூட யாராவது பூ உதிர்ந்ததைப் பற்றியோ பனி விழுந்ததைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார்கள்.

இவர்களுக்கு வருஷம் என்பது பெரிய விஷயம். திராட்சை பறித்த ஆண்டை 'மிலெசிம்' என்பார்கள். ஒயின் கடைகளில் சட்டைப்பையில் வைக்கும் அளவுக்கு ஓர் அட்டை கிடைக்கும். ஒரு பக்கம் வருஷம், மறுபக்கம் இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம் பஞ்சாங்கத்து வருஷ பலன்தான் நினைவுக்கு வந்தது. இந்த ஆண்டு மழை எத்தனை மரக்கால், விளைச்சல் எப்படி என்று சித்திரை முதல் நாள் வாசிப்பார்களே, அதேதான். ஒரே வித்தியாசம், நம்முடையது வருஷம் பிறக்கும்போது சொல்வது, இது முடிந்தபிறகு சொல்வது. நம் கணக்கில் 1987 பிரபவ வருஷம், அறுபதில் முதலாவது. இங்கே அந்த மரியாதையெல்லாம் இல்லை. 1985, 1986 நல்ல வருஷங்கள். 1988, 1989, 1990 மூன்றும் அடுத்தடுத்து வந்த கொண்டாட்டங்கள். நடுவில் 87 மட்டும் ஃபெயிலான பிள்ளை.

'மோசமான வருஷம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்களே தவிர, ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு விதமாகக் கெட்டிருக்கிறது. 1956 பிப்ரவரியில் அடித்த குளிரில் கொடிகளே செத்துப்போயின. பொம்ரோல், சேன்தெமிலியோன் பக்கம் மறுபடி நட்டு வளர்க்க வேண்டியிருந்தது. 1984இல் மெர்லோ திராட்சையின் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிட்டது. 1991இல் ஏப்ரல் மாதத்து இரவுப் பனி, தளிர்கள் கருகி, விளைச்சலே பாதிக்கும் கீழே. 1973இல் காய்த்தது அதிகம், சாறு தண்ணீர். 1972இல் பழுக்கவே இல்லை, விலை மட்டும் உச்சத்தில் இருந்தது. அடுத்த வருஷம் எண்ணெய் நெருக்கடி வந்து போர்தோவின் சந்தையே சரிந்தது.

என் வருஷத்தைக் கெடுத்தது மழை. அதுவும் அறுவடை நேரத்து மழை. நெல் கதிர் சாய்ந்து நிற்கும்போது பெய்கிற மழை எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திராட்சையிலும் அதே கொடுமைதான், வழிதான் வேறு. வேர் தண்ணீரைக் குடித்து மேலே ஏற்றும். பழம் உப்பும். உள்ளே சாறு நீர்க்கும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலில் இருந்து வருபவை. பழம் பெருக்கப் பெருக்கச் சாறு கூடும், தோல் அப்படியே இருக்கும். கொஞ்சம் காத்திருந்து வெயில் வரட்டும் என்றால் குலைக்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. போர்தோவில் ஜிரோந்த் ஆற்றின் இடது கரையில் முக்கியமானவை இரண்டு வகைத் திராட்சைகள். மெர்லோ முன்னதாகப் பழுக்கும். கபெர்னே சொவிஞ்ஞோன் ஒன்றிரண்டு வாரம் பிந்தும். அந்தத் தோட்டங்களின் பெருமை முழுக்க பிந்திப் பழுக்கும் கபெர்னேயில்தான் இருக்கிறது. 1987 அக்டோபரில் மழை பிடித்தபோது மெர்லோவில் பெரும்பகுதி வீடு சேர்ந்திருந்தது. நனைந்தது கபெர்னே. குடும்பத்தில் சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டால் எப்படியோ அப்படி.

இதெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரியும் என்று நினைக்காதீர்கள். சொன்னவர் எங்கள் அடுத்த வீட்டு முதியவர். பெயர் வேண்டாம். நான் முசியே என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை மதாம் என்பார். பதினோரு வருஷத்தில் இதற்கு மேல் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. முப்பது வருஷத்துக்கும் மேல் போயாக் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்தவர். பாட்டிலைத் திறக்க எங்களுக்குப் பயமாக இருந்ததால் அவரிடம் கொண்டுபோனோம். லேபிளைப் பார்த்தார். பின்பு பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒயின் எதுவரை நிற்கிறது என்று பார்த்தார். கழுத்துக்குள் நின்றால் நல்லது, தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்று நுழைந்து வேலையைக் காட்டியிருக்கும். எங்களுடையது கழுத்து முடிந்து தோள் தொடங்கும் இடத்தில் நின்றது. "இந்த வயதுக்கு இது பரவாயில்லை" என்றார். என்னைச் சொன்னாரா பாட்டிலைச் சொன்னாரா என்று வீட்டுக்காரர் இன்றுவரை சிரிக்கிறார்.

அவருக்கு அந்த அறுவடை நன்றாக ஞாபகம் இருந்தது. முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே போய்ப் பறித்தவர்களிடமிருந்து குலைகளை வாங்கி வண்டியில் கொட்டுவது அப்போது அவர் வேலை. "கூடையைச் சாய்த்தால் முதலில் தண்ணீர்தான் கொட்டும், மதாம்" என்றார். "சட்டைக் காலருக்குள் ஒழுகும். பூட்ஸில் ஒட்டிய சேறு ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ இருக்கும். ராத்திரி ரேடியோவில் வானிலை சொல்லி முடிக்கும்வரை யாரும் சாப்பிட உட்கார மாட்டோம்." நாளைக்கு நிற்கும் என்று காத்திருப்பதா, நனைந்ததை நனைந்தபடியே பறிப்பதா? முதலாளிக்கும் மேஸ்திரிக்கும் நடுவே தினமும் இதே பேச்சு. இரண்டில் எதைச் செய்தாலும் தப்பாகத்தான் போகும் என்று இருவருக்கும் தெரியும்.

பறித்தபின் செய்வதற்கு மூன்று காரியங்கள் இருந்தன என்றார். அழுகியதைப் பொறுக்கி எறிவது முதலாவது. இரண்டாவது, சர்க்கரை. இது எனக்குப் புதிய செய்தி. பழத்தில் இனிப்பு போதாத வருஷத்தில் நொதிக்கும் முன் சாற்றில் சர்க்கரை சேர்ப்பது பிரான்சில் வரம்புக்கு உட்பட்டுச் சட்டம் அனுமதித்த வழக்கம். நெப்போலியனிடம் அமைச்சராக இருந்த ஷப்தால் என்ற வேதியியலாளர் இதைப் பரப்பியதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் போட்டால் சாராயச் சத்து ஒரு சதவீதம் ஏறும். ஆனால் ஏறுவது அது மட்டும்தான். பழுக்காத தோலைச் சர்க்கரை பழுக்க வைக்காது.

மூன்றாவதுதான் கையைக் கடிக்கிற காரியம். தேறாத பீப்பாய்களைத் தோட்டத்தின் முதல் பெயரில் விற்காமல் ஒதுக்குவது. இரண்டாம் பெயர் ஒன்றில் குறைந்த விலைக்கு விற்கலாம், அல்லது மொத்த வியாபாரிக்குப் பெயரில்லாமல் தள்ளிவிடலாம். எத்தனை பீப்பாயை ஒதுக்க முதலாளிக்கு மனசு வருகிறதோ அத்தனைக்கு ஒயின் தேறும். நல்ல வருஷத்தில் சோம்பேறிகூட நல்ல ஒயின் எடுத்துவிடுவான், இப்படிப்பட்ட வருஷத்தில்தான் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும் என்பது முசியேயின் கட்சி. நிலத்துக்கும் இதில் பங்குண்டு. லத்தூர் தோட்டத்தை உதாரணம் சொன்னார். அங்கே கூழாங்கல் மேடு, பெய்த தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். பக்கத்திலேயே ஆறு இருப்பதால் பனியின் கடுமையும் குறையும். மற்றவர்கள் தடுமாறிய பல வருஷங்களில் லத்தூர் நின்று காட்டிய பெயர் அப்படி வந்ததுதான்.

எங்கள் பாட்டில் அந்த அளவுக்குப் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. போயாக்கில் ஒரு தோட்டம், போர்தோ தோட்டங்களைத் தரம் பிரித்த 1855ஆம் ஆண்டுப் பட்டியலில் கீழ்ப்பக்கம் இடம்பெற்றது, அவ்வளவு போதும். ஒரே பெட்டியில் பிறந்த பன்னிரண்டு பாட்டிலும் இத்தனை வருஷத்தில் பன்னிரண்டு திசைக்குப் போயிருக்கும். ஒன்றைக் குடித்துவிட்டுத் தோட்டத்தின் பெயரைச் சொல்லித் தீர்ப்பு எழுதுவது சரியில்லை.

வெள்ளிக்கிழமை இரவே பாட்டிலை நிற்க வைக்கச் சொன்னார், வண்டல் அடியில் இறங்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழரைக்கு வந்தார், கையில் தன் சொந்தத் திறப்பானோடு. திருகு கிடையாது. கைப்பிடியில் இரண்டு மெல்லிய தகடுகள், ஒன்று நீளம், ஒன்று சற்றுக் குட்டை. முதலில் மேலிருந்த உறையைக் கத்தியால் வெட்டினார். அந்தக் காலத்தில் ஈயத்தகட்டால் உறை போடுவார்கள் என்பதால் ஈரத்துணியால் பாட்டில் வாயை மூன்று தடவை துடைத்தார். உறைக்கு அடியில் தக்கையின் தலையில் கறுப்பாகப் பூஞ்சணம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் பார்த்துவிட்டு, நிலவறை ஈரமாக இருந்திருக்கிறது, தக்கை காயவில்லை, நல்லதுதான் என்றார். இரண்டு தகடுகளையும் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாற்றி மாற்றி அழுத்தி இறக்கி, திருகிக்கொண்டே மெல்ல இழுத்தார். முக்கால் தக்கை வந்தது. கால் பங்கு உள்ளேயே நின்றுவிட்டது. யாரும் பேசவில்லை. மறுபடி தகடுகளை இறக்கி அந்த மிச்சத்தையும் எடுத்துவிட்டார். என் வளைகாப்பில்கூட இவ்வளவு அமைதியாக ஆட்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வேறு பாத்திரத்தில் ஊற்றி ஆற விடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். இளம் ஒயினுக்கு அது சரி, இதை அப்படிச் செய்தால் இருக்கிற வாசமும் போய்விடும் என்று நேராகவே கிளாஸில் ஊற்றினார், பாட்டிலை ஒரு தடவை சாய்த்தவர் நிமிர்த்தாமல் மூன்று கிளாஸும் நிரம்பும்வரை. நிமிர்த்தினால் வண்டல் கலங்கிவிடும்.

நிறம் நான் எதிர்பார்த்த சிவப்பு இல்லை. நடுவில் செங்கல் நிறம், விளிம்பில் ஆரஞ்சு. கிளாஸுக்குப் பின்னால் வைத்த விரல் தெரிந்தது. மூக்கில் வைத்ததும் முதலில் வந்தது பூட்டிக்கிடந்த பரணின் வாடை. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது, வெளியே காட்டவில்லை. "பத்து நிமிஷம் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்றார். இதற்குள் நான் சமையலறைக்குப் போய்ச் செப் காளானை வெண்ணெயில் வதக்கினேன். கோழிக்குழம்பு வைக்கட்டுமா என்று நான் காலையில் கேட்டபோது, வாசலில் நின்ற அந்த மனிதரின் கண்களில் தெரிந்த பீதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மிளகாய்க்கு முன்னால் இந்த ஒயின் ஒரு நிமிஷம் தாங்காது என்று கெஞ்சாத குறை. ஆகவே உப்பு, பூண்டு, கொஞ்சம் பார்ஸ்லி, பக்கத்தில் வாட்டிய கோழி. வீட்டுக்காரருக்குப் பத்தியச் சாப்பாடு.

எட்டு மணிக்கு மறுபடி கிளாஸை எடுத்தேன். பரண் வாடை போயிருந்தது. பென்சில் சீவினால் வருமே, அந்த மர வாசம். அதற்குப் பின்னால் காய்ந்த புகையிலை, மழை நின்றபின் சருகு. இன்னும் கொஞ்சம் போனால் பச்சையாக ஏதோ. குடைமிளகாயை நறுக்கியவுடன் வரும் வாசம். அதைச் சொன்னதும் முசியே மேசையைத் தட்டினார். கபெர்னேயில் இயல்பாகவே இருக்கும் ஒரு பொருள் அது, குடைமிளகாயிலும் அதே பொருள்தான். காய் பழுக்கப் பழுக்க, வெயில் படப்பட, அது குறைந்துகொண்டே போகும். முழுதாகப் பழுக்காத வருஷத்தில் தங்கிவிடும். "உங்கள் மழை அங்கேதான் இருக்கிறது" என்றார். ஐப்பசி மழையில் நனைந்த பழத்தின் குறையை இத்தனை வருஷம் கழித்து மூக்கால் தொட்டுப் பார்க்க முடிகிறது என்பது எனக்குக் கொஞ்சம் சிலிர்ப்பாகத்தான் இருந்தது.

வாயில் வைத்தால் மெலிசு. ரசத்தின் தெளிவைக் குடிப்பதுபோல. துவர்ப்பு அநேகமாக இல்லை, அதெல்லாம் நிறத்தோடு கைகோத்து வண்டலாகப் பாட்டிலின் அடியில் உட்கார்ந்துவிட்டது. புளிப்பு நிமிர்ந்து நின்றது. நடுவில் காய்ந்த செர்ரிப் பழத்தின் இனிப்பு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. விழுங்கியபின் நீளமாக எதுவும் இல்லை. நல்ல வருஷத்துப் பழைய ஒயின் விழுங்கியபிறகும் நாக்கில் நின்று பேசும் என்பார்கள், இரண்டு முறை குடித்தும் பார்த்திருக்கிறேன். இது பேசவில்லை. ஆனால் கெட்டுப்போகவும் இல்லை. லேபிளில் சாராயச் சத்து 12 சதவீதம் என்று இருந்தது. இப்போது வரும் போர்தோவில் 14 சாதாரணம். பூமி சூடேறியதில் இங்கே பழுக்காத வருஷம் என்பதே அபூர்வமாகிவிட்டது, இப்போதைய கவலை அதிகம் பழுப்பது. இரண்டு கிளாஸ் குடித்தும் தலை கனக்காத சிவப்பு ஒயின் வேண்டுமென்றால் இனி இப்படிப்பட்ட பழைய நோஞ்சான்களைத்தான் தேட வேண்டும் போல.

சாப்பிட்டுக்கொண்டே முசியே மூத்தோன் ரோத்ஷீல்ட் தோட்டத்தின் கதைக்குப் போய்விட்டார். அந்தத் தோட்டத்துக்கு 1855 பட்டியலில் இரண்டாம் தரம்தான் கிடைத்தது. அதை முதல் தரமாக்க அதன் உரிமையாளர் பாரோன் பிலிப் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார். 1973இல் கிடைத்தது. அப்போது விவசாய அமைச்சராக இருந்த ஜாக் சிராக் கையெழுத்திட்டார். வேடிக்கை என்னவென்றால், முதல் தரம் என்று போட்டு எடுத்த அந்த 73 ஒயினே மெலிந்த வருஷத்தது. அந்தத் தோட்டம் 1945 முதல் வருஷத்துக்கு ஓர் ஓவியரை லேபிளில் போடுகிறது. 73க்கு, அந்த ஏப்ரலில் இறந்த பிக்காசோவின் ஓவியம். பிறகு என் வருஷம். 87 ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே, 1988 ஜனவரியில், பாரோன் தன் 85ஆவது வயதில் இறந்துபோனார். அந்த லேபிளில் சுவிஸ் ஓவியர் ஹான்ஸ் எர்னி வரைந்தது பாரோனின் முகத்தையே. ஒரு மனிதர் கடைசியாகப் பார்த்த அறுவடை, மழையில் நனைந்த அறுவடை. வரிசையாக எல்லா லேபிளும் சேர்ப்பவர்கள் இந்த இரண்டு வருஷத்தையும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். குடிக்கிறார்களா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

ஒன்பதே காலுக்கு எங்கள் ஒயின் இறங்கத் தொடங்கியது. எனக்கே தெரிந்தது. பென்சில் வாசம் போய்விட்டது, புளிப்பு மட்டும் கூர்மையாகி, நாள்பட்ட காடியை நோக்கி ஒரு அடி. ஒன்றே முக்கால் மணி நேரம், அவ்வளவுதான் அதன் ஆயுள். முசியே தன் கிளாஸில் கடைசி வாய் மீதியிருக்கும்போதே எழுந்துகொண்டார். பத்து வயதுக்குள் குடித்திருந்தால் இன்னும் சதைப்பற்றோடு இருந்திருக்கும், இது இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் தாமதம் என்றார். போகும்போது தக்கையின் இரண்டு துண்டையும் என்னிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். பக்கவாட்டில் வருஷம் இன்னும் படிக்க முடிகிறது.

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் பாட்டிலைக் காட்டினேன். நான் பிறந்தபோது மழையா என்று கேட்டேன். "மழையெல்லாம் எங்கடி ஞாபகம் இருக்கு? நீ ரெண்டு மாசக் குழந்தை, எம்.ஜி.ஆர். செத்துட்டாரு, கடையெல்லாம் சாத்திட்டான், பால் பவுடருக்கு உங்க அப்பா அலைஞ்சாரு, அதுதான் ஞாபகம்" என்றாள். பிறகு, "அத்தனை வருஷம் ஆன சரக்கைக் குடிச்சியா, வயித்துக்கு ஒண்ணும் பண்ணலியே?" என்றாள். ஒன்றும் பண்ணவில்லை.

இந்தப் பக்கத்தில் இருக்கும் நம் ஆட்கள் யார் வீட்டிலாவது, மாமனார் வைத்துவிட்டுப் போனது, பக்கத்து வீட்டார் கொடுத்தது என்று 87ஓ 84ஓ 91ஓ எழுதிய போர்தோ கிடந்தால், விசேஷ நாளுக்கென்று இனியும் பூட்டி வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை நிற்க வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடுங்கள். அன்றைக்கு மட்டும் கோழிக்குழம்பு வேண்டாம்.